ஃப்ரேசர் டவுன் பழைய வீடுகள்: தெருவில் நின்றே வயதைக் கணிக்க முடியுமா?

அல்சூர் வாசகர் வட்டம் கேட்டது:

வணக்கம். அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பெங்களூரில் ஃப்ரேசர் டவுன், ரிச்சர்ட்ஸ் டவுன் பக்கம் பழைய வீடுகளைப் பார்க்க ஒரு நடை ஏற்பாடு செய்கிறோம். இருபது பேர் வரை வருவார்கள், அதில் ஐந்தாறு பேர் வயதானவர்கள். கட்டடக்கலை தெரிந்தவர் எங்களில் யாரும் இல்லை.

எங்கே தொடங்கி எங்கே முடிப்பது நல்லது? ஒரு வீட்டைப் பார்த்ததும் அது எந்தக் காலத்தது என்று சொல்ல எதைக் கவனிக்க வேண்டும்? முகப்பில் ஆண்டு போட்டிருந்தால் அதை நம்பலாமா? ஜன்னலுக்கு மேல் நீட்டி நிற்கும் மரக் கூரையான மங்கி டாப் இருந்தாலே நூறு வருஷத்துக்கு மேல் என்று சிலர் சொல்கிறார்கள், சரிதானா?

இன்னொன்று. ஒரு வீட்டுக்காரர் உள்ளே வந்து பார்க்கவும் அளக்கவும் அனுமதி கொடுத்திருக்கிறார். வீடு விற்பனைக்குப் போகிறது, அடுத்த வருஷம் இருக்குமா என்பது சந்தேகம். கையில் இருப்பது டேப்பும் போனும்தான். அதை வைத்து உருப்படியாக எதைப் பதிவு செய்யலாம்?

பின்சந்து:

இருபது பேர் ஒரே கும்பலாக வேண்டாங்க. அந்தத் தெருக்களில் நடைபாதை பல இடத்தில் ரெண்டு ஆள் அகலம்தான். ஒரு வீட்டு முன்னால் இருபது பேர் நின்றால் பாதிப் பேர் ரோட்டில் நிற்பாங்க, வாட்ச்மேன் உடனே வெளியே வந்துடுவார். பத்துப் பத்துப் பேராகப் பிரிச்சு, அரை மணி நேர இடைவெளியில் விடுங்க.

கோல்ஸ் பார்க்கில் கூடுங்க. கன்டோன்மென்ட் ரயில் நிலையத்தில் இறங்கினால் அங்கே நடந்தே வந்துடலாம், பெரியவங்க உட்கார பெஞ்சும் இருக்கு. அங்கிருந்து ப்ராமெனேட் ரோடு, சாண்டர்ஸ் ரோடு, மாஸ்க் ரோடு, கோல்ஸ் ரோடு என்று ஃப்ரேசர் டவுனைச் சுத்திட்டு, ரயில் பாதையைக் கடந்து வடக்கே ரிச்சர்ட்ஸ் பார்க்கில் முடிச்சுக்கலாம். நின்று பார்த்து நடந்தால் இரண்டரை மணி நேரம் பிடிக்கும். ஏழு மணிக்கு முன்னாடியே கிளம்பிடுங்க. ஒன்பதரைக்கு மேல் சர்ச்சுக்கு வரும் வண்டிகள் தெரு ஓரம் முழுக்க நின்றுடும், வீடுகளின் கீழ்ப்பாதி கண்ணுக்கே தெரியாது. மரங்கள் இலை உதிர்க்கும் ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் இதுக்குத் தோது. மற்ற மாதங்களில் கூரையைப் பார்க்க ரோட்டின் எதிர்ப்பக்கம் போய்த்தான் நிற்கணும்.

பார்க்கிறதுக்கு முன்னாடி இந்த இடம் எதுக்காக உருவாச்சுன்னு வந்தவங்களுக்கு ஐந்து நிமிஷம் சொல்லிடுங்க. 1898ல் பெங்களூருக்குப் பிளேக் வந்தது. பழைய நகரமான பேட்டையிலும், பிரிட்டிஷ் படை தங்கின கன்டோன்மென்ட் பகுதியின் பஜாரிலும் இருந்த நெரிசலைக் குறைக்கத்தான் புதுக் குடியிருப்புகள் வேகம் பிடிச்சது. ஃப்ரேசர் டவுனுக்கு 1906ல் அடிக்கல், 1910ல் திறப்பு. அப்போது மைசூரில் பிரிட்டிஷ் அரசின் பிரதிநிதியாக, அதாவது ரெசிடென்டாக இருந்த ஸ்டூவர்ட் ஃப்ரேசரின் பெயரை வைத்தாங்க, இப்போ அரசுக் கணக்கில் புலிகேசி நகர். திட்டமிட்டவர் கன்டோன்மென்ட் முனிசிபல் இன்ஜினியர் ஜே. எச். ஸ்டீபன்ஸ். பக்கத்தில் இருக்கும் ஸ்டீபன்ஸ் ரோடு அவர் பெயரில்தான்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிங்க. பேட்டைக்குப் பக்கத்துக் குடியிருப்புகளான மல்லேஸ்வரமும் பசவனகுடியும் 1890களில் போட்ட திட்டங்கள். அந்த நாளில் நெரிசலும் கெட்ட காற்றும்தான் நோய்க்குக் காரணம்னு நினைச்சாங்க. எலியின் தெள்ளுப்பூச்சிதான் பிளேக்கைப் பரப்புதுன்னு 1898ல் ஒரு பிரெஞ்சு மருத்துவர் சொன்னதை மற்றவங்க ஏத்துக்க இன்னும் பத்து வருஷம் ஆச்சு. ஃப்ரேசர் டவுன் சரியா அந்த இடைவெளியில் வந்தது. அதனால் இங்கே அகலமான தெரு, காற்றோட்டம் என்பதோடு நிற்காமல், எலி குடையாத அடித்தளம், எலி தங்காத கூரை என்று வீட்டுக்குள்ளேயும் யோசிச்சாங்க. தரைமட்டத்துக்கு மேலே கருங்கல் பீடம் உயரமாக நிற்கிற வீட்டைப் பார்த்தால், அது அழகுக்கு மட்டும் வைத்ததில்லைன்னு சொல்லுங்க.

அடுத்து, முகப்பை மட்டும் பார்த்துட்டுப் போயிடாதீங்க. முகப்புதான் ஒவ்வொரு தலைமுறையும் கை வைக்கிற இடம். பின்பக்கச் சந்துக்குப் போங்க, இங்கே கன்சர்வன்சி லேன் என்பாங்க. எடுப்புக் கக்கூஸ் காலத்தில் துப்புரவுத் தொழிலாளர்கள் வீட்டு முன்வாசலுக்கே வராமல் மலக்கூடையை எடுத்துப் போகப் போட்ட பாதை அது. சுவரைக் கவனித்தால், முழங்கால் உயரத்தில் செங்கல் வைத்து அடைத்த ஒரு சின்னச் சதுரம் தெரியும், பூச்சின் நிறம் அங்கே மட்டும் மாறியிருக்கும். அதுதான் கூடை எடுத்த திறப்பு. அந்த அடைப்பு இருந்தால் சுவர் பாதாளச் சாக்கடை வருவதற்கு முந்தினதுன்னு தைரியமாச் சொல்லலாம். முகப்பில் எழுதின வருஷத்தை விட எனக்கு அந்தச் சதுரத்தின் மேல் நம்பிக்கை அதிகம். யார் யார் அந்தச் சந்தில் நடந்தாங்கன்னும் வந்தவங்களுக்குச் சொல்லுங்க. பங்களா அழகை மட்டும் பேசிட்டுப் போறது அரைக்கதை.

சந்து சில இடத்தில் அடைபட்டிருக்கும், சில இடத்தில் குப்பை. முதல் நாளே ஒருத்தர் போய்ப் பார்த்துட்டு வரணும்.

கைமரம்:

கூரையிலிருந்து ஆரம்பிங்க. பழைய வீட்டில் மாத்துறதுக்கு ரொம்பச் செலவு பிடிக்கிறது கூரைதான், அதனால் அது கடைசியாத்தான் மாறும். ஜன்னல், கிரில், பூச்சு, பெயின்ட் எல்லாம் பத்திருபது வருஷத்துக்கு ஒரு தடவை மாறிடும்.

இந்தப் பக்கம் பார்க்கப் போவது நாலு வகை. சரிவுக் கூரைன்னா பெரும்பாலும் மங்களூர் ஓடு. தட்டைக் கூரைன்னா மெட்ராஸ் டெரஸ், ஜாக் ஆர்ச், ஆர்சிசி (கம்பி கட்டின கான்கிரீட்) மூணில் ஒண்ணு. கேட்டுக்கு வெளியே நின்னு வராண்டா உட்கூரையை அண்ணாந்து பார்த்தாலே எதுன்னு தெரிஞ்சுடும்.

மெட்ராஸ் டெரஸ்னா நெருக்கமா தேக்குக் கட்டைகள் ஓடும், ஒண்ணுக்கொண்ணு ஒரு அடி, ஒன்றரை அடி இடைவெளி. கட்டைகளுக்கு மேலே சின்னச் செங்கல் குறுக்கா, நாற்பத்தஞ்சு பாகை சாய்வில் வரிசை வரிசையா நிற்கும். அது சாதாரணச் செங்கல் இல்லை. ஆறங்குல நீளம், மூணங்குல அகலம், ஓரங்குலக் கனம். படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தில் ஒட்டுவாங்க. ஏன் குறுக்கே போகுதுன்னு கண்டிப்பா யாராவது கேட்பாங்க. ஒரு மூலையில் ஆரம்பிச்சால் ஒவ்வொரு வரிசையும் முந்தின வரிசை மேலே சாய்ஞ்சு நிற்கும், அடியில் பலகை அடைப்பே வேண்டாம். அதுக்கு மேலே மூணு நாலு அங்குலத்துக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காய், வெல்லத் தண்ணியைத் தெளிச்சுத் தெளிச்சு மரக்கட்டையால் நாள் கணக்கா அடிப்பாங்க. அடிக்கிற கட்டை துள்ளித் திரும்பி வரணும், அப்போதான் இறுகிச்சுன்னு அர்த்தம். கடைசியா ரெண்டு மூணு வரிசை தட்டோடு.

ஜாக் ஆர்ச்னா மரக்கட்டைக்குப் பதில் இரும்புத் தூலம், தூலத்துக்குத் தூலம் செங்கல் வளைவு. கீழே இருந்து பார்த்தால் உட்கூரை அலை அலையாத் தெரியும். தூலத்தின் பக்கவாட்டில் பேர் உருட்டியிருக்கும், பெயின்ட் தடிப்பா இல்லைன்னா படிக்கலாம். டோர்மன் லாங்னு இருந்தால் இங்கிலாந்துச் சரக்கு. டாடான்னு இருந்தால் 1912க்கு முன்னாடி இருக்க வழியே இல்லை, ஜாம்ஷெட்பூரில் அந்த வருஷம்தான் எஃகே வார்த்தாங்க.

தூணும் தூலமும் இல்லாமல் நீளமா வெளியே நீட்டின சன்ஷேடு, வளைஞ்ச மூலை பால்கனி, கிரில்லில் சூரியக் கதிர், இதெல்லாம் இருந்தால் 1930களுக்குப் பிந்தின கான்கிரீட். அதுவும் பழசுதான். ஆனால் ஓட்டு பங்களாவோடு சேர்த்துப் பேசக் கூடாது.

மங்கி டாப் பத்தி. ஜன்னலுக்கு மேலே கூம்பா முன்னால் நீட்டி நிற்கிற மரக் கூரை, அதிலிருந்து நுனி சீவின பட்டைகள் வரிசையாத் தொங்கும். வெயிலும் சாரலும் ஜன்னலில் அடிக்காது, காற்று மட்டும் வரும். கன்டோன்மென்ட் பங்களாவில் ஆரம்பிச்சு மல்லேஸ்வரம், பசவனகுடி வரைக்கும் பரவினது. ஆனால் அதை வச்சு வயசு சொல்றது தப்பு. ரொம்ப நாள் செஞ்சாங்க. இப்பவும் ரெஸ்டாரன்ட், கெஸ்ட் ஹவுஸ்களில் புதுசா மாட்டுறாங்க. பழசா புதுசான்னு பார்க்கப் பட்டையின் நுனியைப் பாருங்க. பழைய தேக்கில் மழை பட்ட நுனி நார் நாராத் தேய்ஞ்சு, ரேகை மேடு பள்ளமா நிற்கும். புதுசில் எல்லா நுனியும் மெஷினில் வெட்டின மாதிரி ஒரே அளவு. தாங்கு கட்டையைச் சுவரோடு பிடிச்சிருக்கிறது பழைய சதுரத் தலை போல்ட்டா, இப்போதைய ஸ்க்ரூவான்னும் பாருங்க.

ஜன்னல் கம்பி இன்னொரு துப்பு. உருண்டைக் கம்பிகள் செங்குத்தா நின்னு, குறுக்குப் பட்டையில் துளை போட்டு அதுக்குள்ளே நுழைஞ்சு போனால் பழைய வேலை. இணைப்பில் வெல்டிங் குமிழ் இருந்தால் பிற்காலம்.

கூக்டவுன் வாசி:

கைமரம் சார், ஒரு சந்தேகம். இந்தப் பக்கம் ஒரு வீட்டு ஓட்டின் அடியில் பாசல் மிஷன், 1865 என்று அச்சு தெளிவாக இருக்கிறது. அப்படியென்றால் வீடு ஃப்ரேசர் டவுன் உருவாவதற்கே நாற்பது வருஷம் முந்தியதா?

கைமரம்:

இல்லைங்க. அது தொழிற்சாலை ஆரம்பிச்ச வருஷம். பாசல் மிஷன்காரங்க மங்களூரில் 1865ல் ஓட்டுச் சூளை வச்சாங்க, அதுக்கப்புறம் பல வருஷம் அதே எண்ணை அச்சில் போட்டாங்க. அல்புகர்க் ஓட்டில் 1868 இருக்கிறதும் இதே கணக்குதான். வீட்டு புரோக்கர்கள் இந்த எண்ணைக் காட்டியே 'நூத்தறுபது வருஷ வீடு'ன்னு விலை சொல்றாங்க.

ஆனால் அச்சால் பிரயோஜனம் இல்லைன்னு இல்லை. முதல் உலகப் போரில் பாசல் மிஷன் சொத்தைப் பிரிட்டிஷ் அரசு எடுத்துக்கிச்சு, அப்புறம் காமன்வெல்த் டிரஸ்ட் கைக்குப் போச்சு. காமன்வெல்த்னு அச்சு இருந்தால் அந்த ஓடு போருக்குப் பிந்தினது, அவ்வளவு உறுதி. ஒரே ஓட்டைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. உடைஞ்ச ஓட்டை மாத்தும்போது கிடைச்சதைப் போடுவாங்க. வராண்டா உட்கூரையில் பலகை அடிக்காத இடத்தில் டார்ச் அடிச்சுப் பத்துப் பன்னிரண்டு ஓட்டையாவது படிங்க. பெரும்பான்மை எந்த அச்சோ அதுதான் கூரையின் காலம். ஓரத்திலும் முகட்டுக்குப் பக்கத்திலும் இருப்பதை விட்டுடுங்க, குரங்கும் தேங்காய் மட்டையும் முதலில் உடைக்கிறது அதைத்தான்.

முகப்பு வருஷத்துக்கும் இதே புத்திதான். போர்டிகோவைப் பிற்பாடு சேர்த்தவர் தன் வருஷத்தை எழுதியிருப்பார். வருஷம் எழுதின சுவரும் பின்னால் இருக்கும் வீட்டுச் சுவரும் சேர்கிற இடத்தில் நேர் விரிசல் மேலிருந்து கீழ் வரை ஓடுதான்னு பாருங்க. ஓடினால் ரெண்டும் வேறு வேறு காலம்.

அளவுநாடா:

விற்கப் போகும் வீட்டைப் பற்றி. மூன்று பேர் இருந்தால் ஆயிரத்தைந்நூறு சதுர அடி ஒற்றைத் தள வீட்டை ஒரு முழு நாளில் அளந்துவிடலாம். ஒருவர் நாடாவின் நுனியைப் பிடிக்க, ஒருவர் படித்துச் சொல்ல, ஒருவர் எழுத. எழுதுபவர் நாடாவைத் தொடவே கூடாது. எழுதுபவரும் அளந்தால் எண் தப்பும்.

தேவையானவை: 5 மீட்டர் எஃகு டேப் ஒன்று, 15 அல்லது 30 மீட்டர் டேப் ஒன்று, கட்டம் போட்ட தாள், பென்சில், மாஸ்கிங் டேப், டார்ச், கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர் லெவல் டியூப். நீள டேப் துணி வகையாக இருக்க வேண்டாம், இழுத்தால் நீளும். லேசர் மீட்டர் கிடைத்தால் அறைக்குள் நன்றாக உதவும்; வெயிலில் புள்ளி கண்ணுக்குத் தெரியாது, கண்ணாடியில் பட்டால் தப்பான எண் காட்டும்.

அளப்பதற்கு முன் வீடு முழுவதும் ஒரு முறை சுற்றி, கையால் ஒரு தரைப்படம் போட்டுவிடுங்கள். விகிதம் சரியாக இல்லாவிட்டால் பரவாயில்லை. அறைகளுக்கு வாசலிலிருந்து கடிகாரச் சுற்றில் எண் கொடுங்கள். கதவுகளுக்கு க1, க2; ஜன்னல்களுக்கு ஜ1, ஜ2. இந்த எண்கள்தான் பிறகு புகைப்படங்களுக்கும் பெயர்.

ஒரு சுவரை அளக்கும்போது, மூலையில் டேப்பை வைத்தால் அடுத்த மூலை வரும் வரை டேப்பைத் தூக்காதீர்கள். ஜன்னல் ஆரம்பம் 2 அடி 4, முடிவு 5 அடி 10, கதவு ஆரம்பம் 9 அடி 1 என்று ஒரே ஓட்டத்தில் படித்துக்கொண்டே போங்கள். ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக அளந்து கூட்டினால் ஒவ்வொன்றிலும் கால் அங்குலம் தவறி, கடைசியில் அறை மூன்று அங்குலம் குட்டையாகிவிடும். அடுத்தது மூலைவிட்டம். ஒவ்வொரு அறைக்கும் இரண்டையும் எடுங்கள். பழைய அறைகள் சரியான செவ்வகமாக இருக்காது, மூலைவிட்டம் இல்லாமல் வரைபடம் மூடவே மூடாது. சுவர்க் கனத்தைக் கதவு நிலையில் அளக்கலாம். இந்த வீடுகளில் ஒன்றரை அடி வரை வரும். நடுவில் ஒரு சுவர் மட்டும் ஐந்து அங்குலமாக இருந்தால், அது பிற்காலத் தடுப்பு. பாகப்பிரிவினையின்போது போட்டதாக இருக்கலாம், வீட்டுக்காரரிடம் கேளுங்கள்.

உயரத்துக்குத்தான் லெவல் டியூப். தண்ணீர் நிரப்பி, குமிழி ஒன்றுகூட இல்லாமல் தட்டி வெளியேற்றுங்கள். குமிழி இருந்தால் இரண்டு முனையும் ஒரே மட்டம் காட்டாது. ஹால் தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டிக் குறி வையுங்கள், அந்த மட்டத்தை எல்லா அறைக்கும் கடத்துங்கள். பிறகு ஒவ்வொரு அறையிலும் அந்தக் குறியிலிருந்து கீழே தரைக்கும் மேலே உட்கூரைக்கும் அளந்தால் போதும். வராண்டா எத்தனை அங்குலம் தாழ்வு, குளியலறை எந்தப் பக்கம் சாய்வு என்பதெல்லாம் தானாக வந்துவிடும்.

கன்டோன்மென்ட் பங்களாவில் குளியலறையைக் கவனியுங்கள். படுக்கையறைக்கு ஒரு கதவு, வெளியே பின்முற்றத்துக்கு ஒரு கதவு என்று இரண்டு இருக்கும். பின்சந்து சொன்ன அந்தத் துப்புரவுப் பாதையின் வீட்டுப்பக்க முனை இதுதான். வெளிக்கதவைப் பலர் அடைத்து அலமாரி ஆக்கியிருப்பார்கள். சமையல்கட்டும் பல வீடுகளில் தனிக் கட்டடம். இடையில் கூரை போட்ட நடை. இப்போது எல்லாவற்றையும் இணைத்திருந்தாலும் தரையின் நிறம் மாறும் கோட்டை வரைந்துகொள்ளுங்கள். ரெட் ஆக்சைடு எங்கே முடிகிறது, மொசைக் எங்கே தொடங்குகிறது என்பது வீடு வளர்ந்த வரலாறு.

புகைப்படம்: சுவருக்கு நேர் எதிரே, போனை நெஞ்சு உயரத்தில் செங்குத்தாகப் பிடித்து, அகலக் கோண லென்ஸைத் தவிர்த்து எடுங்கள். ஒவ்வொரு கதவு, ஜன்னலுக்குப் பக்கத்திலும் ஒரு அளவுகோல் நிற்கட்டும். அறைக்கு நான்கு சுவர், தரை, உட்கூரை என்று ஆறு படம், அதன் பிறகுதான் அழகான படங்கள். வீட்டுக்குத் திரும்பிய அன்றே எண் போட்டுவிடுங்கள். ஒரு வாரம் போனால் எந்த ஜன்னல் எந்த அறை என்று சத்தியமாக ஞாபகம் இருக்காது.

கூரைமேல் ஏற வேண்டாம். ஓட்டைத் தாங்கும் ரீப்பர் கட்டை கரையான் தின்றிருந்தாலும் வெளியே முழுதாகத் தெரியும், காலை வைத்தால் உள்ளே போகும்.

சுண்ணாம்பு:

வயசு மட்டும் பார்க்காமல், வீடு என்ன நோயில் இருக்கிறது என்றும் பாருங்கள், நடைக்கு வந்தவர்களில் பழைய வீட்டுக்காரர் யாராவது இருந்தால் நிச்சயம் பயன்படும்.

சுவரின் அடியில் இரண்டு மூன்றடிக்குப் பூச்சு உப்பி உதிர்ந்திருந்தால் ஓதம். உடனே சிமென்ட் வைத்துப் பூசிவிடுவார்கள், அதுதான் தப்பு. மண் சாந்தில் கட்டிச் சுண்ணாம்பு பூசிய சுவர், தரையிலிருந்து ஏறும் ஈரத்தைத் தன் மேற்பரப்பு வழியாக ஆவியாக விட்டுவிடும். சிமென்ட் அந்த வழியை அடைக்கிறது, ஈரம் இன்னும் மேலே ஏறி, சிமென்ட் முடியும் இடத்துக்கு மேல் உடைத்துக்கொண்டு வரும். அடுத்த வருஷம் அங்கேயும் சிமென்ட். இப்படி ஏறி ஏறி ஜன்னல் வரை போன வீடுகளைத் தெருவிலிருந்தே காட்டலாம். பிளாஸ்டிக் எமல்ஷன் பெயின்ட்டும் இதையேதான் செய்யும், கொஞ்சம் மெதுவாக. சுண்ணாம்புப் பூச்சும் வெள்ளையடிப்பும்தான் அதற்கு ஒத்துப்போகும். அதற்கும் முன்னால், சுவரை ஒட்டிப் போட்ட சிமென்ட் தளத்தையும் பூந்தொட்டியையும் எடுத்து, மழைத் தண்ணீர் சுவரை விட்டு விலகி ஓடச் செய்ய வேண்டும். அதற்குச் செலவே இல்லை.

மெட்ராஸ் டெரஸ் ஒழுகினால் மேலே சிமென்ட் தளம் போடுவது இதைவிட மோசம். பாரம் கூடும், வெயிலில் சிமென்ட் விரியும் அளவும் சுண்ணாம்பு விரியும் அளவும் வேறு என்பதால் விரிசல் வரும், அதில் இறங்கிய தண்ணீர் மேலே ஆவியாக வழியில்லாமல் கட்டை முனைகளுக்கு வரும். தேக்கு நடுவில் நன்றாக இருந்தாலும் சுவருக்குள் புதைந்த முனைதான் முதலில் மக்கும். வராண்டாவில் கட்டை சுவரில் நுழையும் இடத்தில் கறுப்புக் கறை இருந்தால் அதுதான்.

மதில் மேல் அரசங்கன்று முளைத்திருந்தால் பிடுங்காதீர்கள் என்று சொல்லுங்கள். இழுத்தால் வேரோடு செங்கல்லும் வரும். வெட்டிவிட்டு, வெட்டு வாயில் மருந்து வைத்து வேர் செத்த பிறகுதான் எடுக்க வேண்டும்.

அல்சூர் வாசகர் வட்டம்:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. பத்துப் பேராகப் பிரித்துவிட்டோம். இரண்டு விஷயம் மட்டும்: வீட்டின் காலத்தை ஆவணத்தில் பார்க்க வழி உண்டா? மல்லேஸ்வரத்தையும் அன்றே சேர்க்கலாமா?

பின்சந்து:

அன்றே சேர்க்காதீங்க, கால் தாங்காது. மல்லேஸ்வரம் தனியா ஒரு காலை. சம்பிகே ரோடும் மார்கோசா ரோடும் தெற்கு வடக்கு, கிராஸ்கள் குறுக்கே, வழி தவறவே முடியாது. காடு மல்லேஸ்வரர் கோயிலில் ஆரம்பிங்க. 1669ல் வெங்கோஜி அந்தக் கோயிலுக்கு மானியம் கொடுத்த கல்வெட்டு இருக்கு. சிவாஜியின் தம்பி, பிற்பாடு தஞ்சாவூரில் மராட்டிய ஆட்சியைத் தொடங்கின ஏகோஜி அவரேதான், நம்ம ஆளுங்களுக்கு இது பிடிக்கும். சர் சி. வி. ராமனின் பஞ்சவடி வீடும் மல்லேஸ்வரத்தில்தான். அங்கே மனைகள் ஒடுக்கம், வீடுகள் தெருவுக்கு நெருக்கம், உள்ளே பூஜை அறை, துளசி மாடம். அதே மங்கி டாப்பை ஐயர், ஐயங்கார், கன்னட வீடுகள் எல்லாம் எப்படித் தங்கள் அளவுக்குச் சுருக்கிக்கிட்டாங்கன்னு ஃப்ரேசர் டவுனைப் பார்த்த பிறகு பார்த்தால் பளிச்சுன்னு தெரியும். வரிசை மாத்தாதீங்க.

ஆவணம் விஷயத்தில், வில்லங்கச் சான்றிதழ் கர்நாடகப் பத்திரப் பதிவுத் துறையின் காவேரி இணையதளத்தில் 2004லிருந்துதான் கிடைக்கும், அதுக்கு முந்தினது சப் ரிஜிஸ்திரார் அலுவலகத்தில் கையால் தேடணும். அதிலும் கட்டடத்தின் வயசு வராது, கை மாறின தேதிதான். வீட்டுக்காரர் பெட்டியில் இருக்கும் மூலப் பத்திரம்தான் உண்மையான சாட்சி. அதன் சொத்து விவர அட்டவணையில் 'ஓட்டு வீடு', 'மெத்தை வீடு', கிணறு, லாயம் என்று எழுதியிருப்பாங்க. லாயம்னு இருந்தால் இப்போதைய கார் ஷெட்டைப் போய்ப் பாருங்க. இன்னொன்று, இந்தப் பகுதி 1947 வரை மைசூர் அரசின் கீழே இல்லை, ரெசிடென்டின் கீழ் சிவில் அண்ட் மிலிட்டரி ஸ்டேஷன். இந்தப் பக்க நகராட்சியும் பெங்களூர் நகர நகராட்சியும் 1949ல்தான் ஒண்ணாச்சு. அதனால் பத்திரத்தில் தெருப் பேரும் கதவு எண்ணும் இப்போதையதோடு ஒத்துப்போகாது. நாலெல்லையை வச்சுத்தான் பொருத்திப் பார்க்கணும்.

படங்களை ஆன்லைனில் போடும்போது உட்புறப் படத்தோடு கதவு எண், தெருப் பேர் சேர்த்துப் போடாதீங்க. தேக்குக் கதவு, பித்தளைக் கீல், கலர் கண்ணாடி எல்லாத்துக்கும் வெளியே விலை இருக்கு. தனியா இருக்கிற பெரியவங்க வீட்டுக்கு அடுத்த நாளே பழைய சாமான் வியாபாரியும் புரோக்கரும் வந்து நிற்பாங்க. தெருவிலிருந்து எடுத்த முகப்புப் படத்துக்கும் வீட்டுக்காரர் வெளியே நின்றால் ஒரு வார்த்தை கேட்டுடுங்க. தமிழில் கேட்டால் பாதி வீட்டில் தமிழிலேயே பதில் வரும்.

கைமரம்:

விற்கப் போற வீட்டுக்கு ஒண்ணு சேர்த்துக்கறேன். வாங்குறவர் இடிக்கத்தான் போறார்னா, இடிக்கிற காண்ட்ராக்டரிடம் முன்கூட்டியே பேசி மங்கி டாப்பை முழுசா இறக்கச் சொல்லுங்க. அவங்க ஆளுங்க கடப்பாரை போட்டு நெம்பினால் பட்டை எல்லாம் பிளந்துடும். முதலில் மேலே இருக்கிற ஓட்டையோ தகரத்தையோ கழட்டிப் பாரத்தைக் குறைக்கணும். அடியில் ரெண்டு முட்டுக் கொடுக்கணும். துருப்பிடிச்ச போல்ட்டைத் திருகாமல் ஹாக்ஸா பிளேடால் சுவருக்கும் மரத்துக்கும் நடுவில் அறுக்கணும். திருகினால் போல்ட் சுத்தாது, மரம்தான் சுத்தும். இறக்குறதுக்கு முன்னாடி இடமிருந்து வலமா ஒவ்வொரு பட்டைக்கும் பின்பக்கம் சாக்பீஸில் எண் போட்டுடுங்க. நுனி வெட்டு ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது, கலைஞ்சால் சேர்க்க முடியாது. நாலு ஆள், அரை நாள் வேலை. மங்களூர் ஓட்டையும் அடுக்கி எடுத்து வைக்கலாம், ஒரு சதுர மீட்டர் கூரைக்குச் சுமார் பதினஞ்சு ஓடு கணக்கு. நிமிர்த்தி, விளிம்பில் நிறுத்தி அடுக்குங்க. படுக்க வச்சு உயரமா அடுக்கினால் அடி வரிசை நொறுங்கிடும்.